இஸ்மாயீல் என்னும் திருப்பெயர்: பொருளும் வழிவந்த வரலாறும்

குழந்தை பிறந்து ஏழாம் நாள் நெருங்கும்போது நம் வீடுகளில் எழும் உரையாடல் அனைவரும் அறிந்ததே. பாட்டனார் பெயர் விளங்க வேண்டும் என்பார் ஒருவர். நபிமார் பெயரே பரக்கத்தானது என்பார் மற்றொருவர். சுருக்கமாகவும் புதுமையாகவும் இருக்க வேண்டும் என்பார்கள் இளம் பெற்றோர். அண்மையில் அத்தகைய ஓர் உரையாடலின் நடுவே நாம் இருக்க நேர்ந்தது. வீட்டின் மூத்தவர் 'இஸ்மாயீல்' என்று பெயரிடலாம் என்றார். குழந்தையின் தந்தை தயங்கினார். தேடிப் பார்த்ததில் அது எபிரேயப் பெயர், யூதர்களின் மொழியிலிருந்து வந்தது என்று கண்டாராம். "நாட்டு நடப்பு இப்படி இருக்கும்போது அது எதற்கு வாப்பா? அரபிப் பெயராகவே வைத்துவிடுவோமே" என்றார். மூத்தவருக்குச் சினம் வந்துவிட்டது. "கஅபாவைக் கட்டியவரின் பெயர் அரபி இல்லையென்று யார் சொன்னது?" என்று கேட்டார்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு; இருவர் கூற்றிலும் குறையும் உண்டு. அதைச் சொல்லத் தொடங்கினால் அந்தச் சபையில் நேரம் போதாது என்பதால் அன்று நாம் வாளாவிருந்தோம். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம்.

எபிரேய மொழியில் இப்பெயர் 'யிஷ்மஏல்' என்று ஒலிக்கும். இது ஒரு சொல் அன்று. ஒரு சிறு வாக்கியம். 'யிஷ்ம' என்பது 'அவன் செவியேற்கிறான்' என்னும் வினை. 'ஏல்' என்பது இறைவன். 'இறைவன் செவியேற்கிறான்' என்பதே முழுப்பொருள். எபிரேய வினையின் இவ்வடிவம் நிகழ்வையும் எதிர்வையும் வேண்டுதலையும் ஒருங்கே குறிக்கவல்லது. ஆதலால் 'இறைவன் செவியேற்பானாக' என்று பொருள் கொள்வோரும் உளர். கேட்டுவிட்டான் என்ற நன்றியா, கேட்பானாக என்ற துஆவா என்பது பெயரிடுபவரின் நிலையைப் பொறுத்தது. இரண்டும் பொருந்தும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அந்த வினைச்சொல்லை நாம் அறியாதவர்கள் அல்லர். எபிரேயத்தில் 'ஷமஅ' என்பது அரபியில் 'ஸமிஅ'. ஒரே தாய்வேரிலிருந்து கிளைத்த இவ்விரு மொழிகளிலும் எபிரேய 'ஷ' பல இடங்களில் அரபி 'ஸ'வாக நிற்கும். அவர்களின் 'ஷாலோம்' நமக்கு 'ஸலாம்'. 'லாஷோன்' என்னும் நாவு 'லிஸான்'. 'ரோஷ்' என்னும் தலை 'ரஃஸ்'. 'ஷானா' என்னும் ஆண்டு 'ஸனா'. எனவே ருகூவிலிருந்து நிமிரும்போது இமாம் 'ஸமிஅல்லாஹு' என்று தொடங்கும் ஒவ்வொரு முறையும் இஸ்மாயீல் என்ற பெயரின் முதற்பாதி நம் காதில் விழுகிறது. அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களுள் 'அஸ்ஸமீஉ' என்பதும் அவ்வேரில் பிறந்ததே. ஐவேளைத் தொழுகையில் நாள்தோறும் கேட்கும் சொல் ஒரு பெயருக்குள் அமர்ந்திருக்க, அப்பெயரை அந்நியம் என்று எவ்வாறு ஒதுக்குவது?

பிற்பாதியான 'ஏல்' அரபியில் 'ஈல்' ஆயிற்று. ஜிப்ரீல், மீக்காயீல், இஸ்ராஃபீல் என்னும் வானவர் பெயர்களின் ஈற்றில் இதையே காண்கிறோம். 'ஜப்ர்', 'மீக்', 'ஸராஃப்' ஆகியன அடியான் என்றும், 'ஈல்' என்பது அல்லாஹ் என்றும் தாபிஈ அறிஞர் இக்ரிமா (ரஹ்) உரைத்ததை இமாம் புகாரீ (ரஹ்) தம் ஸஹீஹில் பதிவுசெய்துள்ளார்கள். ஆனால் அந்த விளக்கத்தை அப்படியே இஸ்மாயீலுக்குப் பொருத்திவிடலாகாது. இங்கே முன்னிற்பது அடியானைக் குறிக்கும் பெயர்ச்சொல் அன்று, வினைச்சொல். வினையே பெயராவது அக்கால மக்களுக்கு இயல்பு. 'யோசேப்' என்ற எபிரேய யூஸுஃபுக்கு 'அவன் மேலும் தருவானாக' என்பது பொருள். அதே கருத்தைத் தூய அரபியில் சொன்னால் 'யஸீத்' என்ற பெயர் வரும். 'இட்ஸ்ஹாக்' என்ற இஸ்ஹாக்குக்கு 'அவன் சிரிக்கிறான்' என்று பொருள். நற்செய்தி கேட்ட அன்னை சிரித்ததை ஸூரத்து ஹூதின் 71ஆம் வசனத்தில் ஓதுகிறோம். அது தனியே எழுதத்தக்க பொருள்.

'செவியேற்றான்' என்ற சொல்லைக் கொண்டு மகனுக்குப் பெயரிடும் வழக்கம் எபிரேயர்க்கு மட்டும் உரியதும் அன்று. சற்றேறக்குறைய 4000 ஆண்டுகளுக்கு முன் இராக் நிலத்தில் ஈஸின் நகரை ஆண்ட ஓர் அரசனுக்கு 'இஷ்மே தகான்' என்று பெயர். பிற்காலத்தில் அசீரியாவை ஆண்ட ஒருவனுக்கும் அதே பெயர் இருந்தது. தகான் அவர்கள் வணங்கிய தெய்வம். 'தகான் கேட்டான்' என்பது அப்பெயரின் பொருள். நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் வாழ்ந்த உலகம் அத்தகையது. ஒவ்வோர் ஊரும் தன் சிலையின் பெயரைச் சொல்லி, அது கேட்டது என்று குழந்தைக்குப் பெயரிட்டு மகிழ்ந்தது. தம் சமூகத்தாரிடம் அந்தச் சிலைகளைக் குறித்து இப்ராஹீம் (அலை) தொடுத்த வினா என்ன? நீங்கள் அழைக்கும்போது இவை கேட்கின்றனவா என்பதன்றோ! ஸூரத்துஷ் ஷுஅராவின் 72ஆம் வசனத்தில் இவ்வினா இடம்பெறுகிறது. அங்கே ஆளப்பட்டிருக்கும் வினையும் 'ஸமிஅ' என்ற வேரினதே. ஸூரா மர்யமின் 42ஆம் வசனத்தில் தம் தந்தையிடம் பேசும்போதும், கேளாததையும் பாராததையும் ஏன் வணங்குகிறீர் என்பதே அவர்களின் முதற்கேள்வி. கேளாத தெய்வங்களை விட்டு வெளியேறிய ஒருவரின் முதல் மகனுக்கு 'இறைவன் செவியேற்கிறான்' என்று பெயர் அமைந்ததை இந்தப் பின்னணியில் வைத்தே நாம் காண வேண்டும்.

இனி, பெயர் வந்த கதை. யூதரும் கிறித்தவரும் ஓதும் ஆதியாகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் இது சொல்லப்படுகிறது. வேதக்காரர்களின் செய்திகளை, நம் மார்க்கம் உண்மையென்று உறுதிப்படுத்தியவை நீங்கலாக, மெய்யென்றும் பொய்யென்றும் அறுதியிடாமல் கேட்டுக்கொள்வதே நமக்குக் கற்பிக்கப்பட்ட முறை. அம்முறைப்படியே கேட்போம். கருவுற்ற ஹாஜர் (அலை) வீட்டில் நேர்ந்த துன்பம் தாளாமல் பாலைவழியே போய்விடுகிறார்கள். ஒரு நீரூற்றின் அருகே வானவர் தோன்றி, உனக்கு ஒரு மகன் பிறப்பான், உன் துன்பத்தை இறைவன் செவியேற்றான் என்பதால் அவனுக்கு இஸ்மாயீல் என்று பெயரிடு என்கிறார். அந்த நூலில் பிறப்பதற்கு முன்பே வானவரால் பெயரறிவிக்கப்பட்ட முதற்குழந்தை இவரே. அவ்விடத்துக் கிணற்றுக்கு, என்னைக் காண்பவனாகிய உயிருள்ளவனின் கிணறு என்று பொருள்படும் பெயர் வழங்கிற்றாம். குழந்தையின் பெயரில் கேட்டலும் கிணற்றின் பெயரில் காண்டலும் நிற்கின்றன. மூஸா, ஹாரூன் (அலை) இருவரிடமும், நான் உங்களுடன் இருக்கிறேன், கேட்கிறேன், பார்க்கிறேன் என்று அல்லாஹ் அருளியது நம் நினைவுக்கு வருகிறது.

17ஆம் அதிகாரத்தில் இப்ராஹீம் (அலை) இம்மகனுக்காக வேண்டும்போது, இஸ்மாயீலைப் பற்றி நீர் கேட்டதையும் செவியேற்றேன் என்ற விடை வருகிறது. எபிரேயத்தில் அது பெயரோடு ஒட்டிய சொல்நயம். மொழிபெயர்ப்பில் அது மறைந்துபோகும்.

21ஆம் அதிகாரமோ வியப்பானது. தாயும் மகனும் வீட்டைவிட்டு அனுப்பப்படும் பகுதி அது. தோற்பையில் நீர் தீர்ந்துபோகிறது. தாய் மகனைப் புதரடியில் விட்டு, அவன் மாய்வதைக் காண மாட்டேன் என்று எட்ட அமர்ந்து அழுகிறாள். அந்த அதிகாரம் முழுவதிலும் இஸ்மாயீல் என்ற பெயர் ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. 'பணிப்பெண்ணின் மகன்', 'பிள்ளை', 'பையன்' என்றே வருகிறது. பெயரைச் சொல்லாமல் ஒதுக்கியதுபோல் இருக்கிறது. ஆனால் கதையின் திருப்பத்தில், இறைவன் அப்பிள்ளையின் குரலைச் செவியேற்றான் என்று எழுதவேண்டி வருகிறது. 'யிஷ்ம' என்ற வினையும் இறைவனைக் குறிக்கும் சொல்லும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. விலக்க நினைத்த பெயர் வினையாக வந்து நின்றுவிடுகிறது! இதை எழுதியவர் அறிந்து எழுதினாரோ அறியாமல் எழுதினாரோ, படிக்கும் நமக்கு உள்ளம் சிலிர்க்கிறது.

இந்நிகழ்ச்சியை நாம் அறிந்திருப்பது இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் வாயிலாக. புகாரீயில் இடம்பெறும் அது, குழந்தைகளுக்குப் பலமுறை சொல்லியும் நமக்குச் சலிக்காத வரலாறு. ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு தோற்பை நீரும். திரும்பிப் பாராமல் நடக்கும் கணவர். அல்லாஹ்தான் இதை உமக்குக் கட்டளையிட்டானா என்ற ஒரே கேள்வி. ஆம் என்றதும், அப்படியானால் அவன் எங்களைக் கைவிடமாட்டான் என்ற விடை. பின்னர் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு ஓட்டம். ஏழாம் முறை மர்வாமீது நின்றபோது ஒரு குரல் கேட்கிறது. அன்னை தமக்குத் தாமே "சற்றுப் பொறு" என்று சொல்லிக்கொண்டு உற்றுக்கேட்கிறார்கள். மீண்டும் கேட்கிறது. அப்போது அன்னை அக்குரலை நோக்கி, நீ கேட்கச் செய்துவிட்டாய், உன்னிடம் உதவி உண்டானால் செய் என்கிறார்கள். ஸம்ஸம் இருக்கும் இடத்தில் வானவர் நிற்பதைக் காண்கிறார்கள்.

அரபி மூலத்தில் இப்பகுதியைப் பார்த்தால், 'ஸமிஅத்', 'தஸம்மஅத்', மறுபடியும் 'ஸமிஅத்', 'அஸ்மஅத்த' என்று அந்த ஒரே வேர் இரண்டு வரிகளுக்குள் நான்கு முறை ஒலிக்கிறது. கேட்டாள், உற்றுக்கேட்டாள், மறுபடியும் கேட்டாள், கேட்கச் செய்தாய்! தாகத்தால் துவளும் குழந்தையின் பெயரோ இஸ்மாயீல். ஹதீஸ் அறிவிப்பாளர்கள் பெயர்விளக்கம் செய்யப் புகுந்தவர்கள் அல்லர், நடந்ததைச் சொன்னார்கள். ஆயினும் பெயரின் பொருள் நிகழ்ச்சிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. வேதக்காரர்களின் கதையில் இறைவன் கேட்கிறான். நம் ஹதீஸில் அதனோடு, அவன் அனுப்பிய விடையைத் தாயும் செவிதாழ்த்திக் கேட்கிறாள்.

திருக்குர்ஆனில் இஸ்மாயீல் என்ற பெயர் 12 இடங்களில் வருகிறது. பெயரின் பொருள் இதுவென்று குர்ஆன் எங்கும் நேராகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு இடங்களை நாம் நிறுத்தி ஓத வேண்டும். ஸூரா இப்ராஹீமின் 39ஆம் வசனத்தில், முதுமையில் இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் தந்த அல்லாஹ்வுக்கே புகழ் என்று கூறும் இப்ராஹீம் (அலை), அதே மூச்சில் என் இறைவன் துஆவைச் செவியேற்பவன் என்கிறார்கள். அங்கே வரும் சொல் 'ஸமீஉத் துஆ'. ஸூரத்துல் பகராவின் 127ஆம் வசனத்தில் தந்தையும் மகனும் ஆலயத்தின் அடித்தளத்தை உயர்த்துகிறார்கள். இஸ்மாயீல் என்ற பெயர் வந்தவுடன், எங்களிடமிருந்து ஏற்றுக்கொள்வாயாக, நீயே செவியேற்பவன், நன்கறிந்தவன் என்ற துஆ தொடர்கிறது. 'அஸ்ஸமீஉ' என்னும் திருநாமம் குர்ஆனில் பல இடங்களில் வருவதால் இவ்விரண்டைக் கொண்டு மட்டும் சொல்நயம் என்று அடித்துச் சொல்ல நாம் துணியவில்லை. எனினும் 'ஸமீஉத் துஆ' என்ற தொடர் குர்ஆனில் இன்னோர் இடத்தில்தான் உண்டு. முதுமையில் மகவு வேண்டி ஸகரிய்யா (அலை) மிஹ்ராபில் நின்று கேட்ட இடம் அது. முதுமையில் பிள்ளை வேண்டிய இரு தந்தையரின் வாயிலிருந்தும் ஒரே சொல் வருவதைத் தற்செயல் என்று கடந்துபோகவும் நமக்கு மனமில்லை.

கேட்கப்பட்டது யாருடைய குரல்? ஆதியாகமத்தின்படி பெயர்க்காரணம் தாயின் துன்பம். குர்ஆன் விரிவுரையாளர்கள் தந்தையின் துஆவைச் சுட்டுகிறார்கள். ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) எடுத்துக்காட்டும் கருத்தை, ஹிஜ்ரி 671இல் மறைந்த இமாம் குர்துபீ (ரஹ்) தம் தஃப்ஸீரில் பதிந்துள்ளார்கள். பிள்ளை வேண்டி இப்ராஹீம் (அலை) துஆச் செய்தபோது 'இஸ்மஃ யா ஈல்', அதாவது 'இறைவா, செவியேற்பாயாக' என்றார்களாம். பிள்ளை பிறந்ததும் எச்சொல்லால் கேட்டார்களோ அச்சொல்லையே பெயராக இட்டார்களாம். மொழியியல் நோக்கில் 'இஸ்மஃ' என்ற ஏவல் பெயரின் மூலவடிவோடு முற்றும் பொருந்தவில்லை. முன்னே கண்டபடி மூலத்தில் இருப்பது 'அவன் செவியேற்கிறான்' என்னும் படர்க்கை. எனினும் வேர் எது, ஈறு எது என்பதை அவ்விமாம்கள் சரியாகவே கண்டிருக்கிறார்கள். அகராதிகளும் கல்வெட்டுகளும் கைக்கெட்டாத காலத்தில் அது சிறிய செயல் அன்று. யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதியபோது இப்பெயருக்கு 'இறைவனால் கேட்கப்பட்டது' என்றே பொருள் தந்தார். பொருளில் எவர்க்கும் பிணக்கில்லை. கேட்டவன் ஒருவனே, கேட்கப்பட்டது தந்தையின் முறையீடா, தாயின் அழுகையா, குழந்தையின் விம்மலா என்பதில்தான் நூல்கள் வேறுபடுகின்றன. மூவருமே அழைத்தார்கள் அல்லவா!

இப்போது மூத்தவரின் கேள்விக்கு வருவோம். இது அரபிப் பெயரா? ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த மொழியறிஞர் ஜவாலீகீ (ரஹ்), அரபியில் கலந்த பிறமொழிச் சொற்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். நபிமார்களின் பெயர்களுள் ஆதம், ஸாலிஹ், ஷுஐப், முஹம்மது ஆகிய நான்கு நீங்கலாக மற்றவை அரபி அல்லாதவை என்பது அவர் தரும் செய்தி. மதரஸாவில் நஹ்வு படித்தவர்களுக்கு இதற்குச் சான்று தேவையில்லை. ஸூரத்துல் பகராவின் 136ஆம் வசனத்தில் 'இலா' என்ற இடைச்சொல்லுக்குப் பின் வருகையில் 'இஸ்மாயீலி' என்று கஸ்ரா பெறாமல் 'இஸ்மாயீல' என்று ஃபத்ஹாவே பெறுகிறது. அதே வரிசையில் சற்றுத் தள்ளி வரும் 'அஸ்பாத்' கஸ்ரா பெறுகிறது. பிறமொழி இயற்பெயர் என்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்று நம் உஸ்தாதுகள் கற்பித்தார்கள். பிள்ளைப் பருவத்தில் விதியாக மனனம் செய்தோம். ஒரு குடும்பத்தின் இடப்பெயர்ச்சி வரலாறு அந்த ஒரு குறியில் தங்கியிருப்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

ஏனெனில் அதே இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பு மேலும் ஒன்று சொல்கிறது. ஸம்ஸம் ஊற்றைக் கண்டு ஜுர்ஹும் குலத்தார் வந்து குடியேறினர். அவர்களிடமிருந்தே இஸ்மாயீல் (அலை) அரபி கற்றார்கள். ஆக, தாய்தந்தையர் மொழியில் பெயர் பெற்று, அண்டைவீட்டார் மொழியில் பேசி வளர்ந்த பிள்ளை அவர்கள். அரபிகளுள் ஒரு பெரும்பிரிவினர் தம் மூதாதையாகப் போற்றுபவரின் பெயர் அரபி அன்று என்பதை அரபியறிஞர்களே மறைக்காமல் எழுதிவைத்தார்கள். அதில் அவர்களுக்கு நாணமும் இருந்ததில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பண்டைய யமனின் ஸபஇயக் கல்வெட்டுகளிலும், சிரியா, ஜோர்தான் பாலைநிலத்துப் பாறைகளில் மேய்ப்பர்கள் கீறிவைத்த ஸஃபாயீ எழுத்துகளிலும் 'யஸ்மஇல்' என்ற பெயர் காணப்படுகிறது. 'ய' என்ற முதலெழுத்தோடும் 'ஸ' ஒலியோடும் கூடிய அது, அரபு மண்ணிலேயே இயல்பாக முளைத்த அதே வாக்கியம். குர்ஆனில் வரும் வடிவமோ 'ய' இன்றி அலிஃபில் தொடங்குகிறது. ஸிர்யானி மொழியிலும் இப்பெயர் அப்படியே தொடங்கும். ஆகவே அரபு நிலம் இப்பெயரை இருமுறை பெற்றது எனலாம்: தன் வேரிலிருந்து ஒருமுறை, நபிமார் வரலாற்றின் வழியே ஒருமுறை. மூத்தவர் முழுதும் தவறாகவும் சொல்லவில்லை.

யூதர்களிடையே இப்பெயர் பெற்ற வாழ்வு வேறு. தம் முன்னோர் இஸ்ஹாக்கின் தமையனார் என்பதற்காக அவர்கள் தொடக்கத்தில் இதை விலக்கவில்லை. அவர்களின் வேதநூல்களில் இப்பெயருடைய வேறு ஐவர் வருகின்றனர். அவர்களுள் ஒருவர் மன்னர் தாலூத்தின் வழித்தோன்றல். இன்னொருவன் நெத்தனியாவின் மகன். பாபிலோனியர் ஜெருசலத்தை அழித்தபின் அவர்கள் அமர்த்திய ஆளுநர் கெதலியாவை விருந்தின்போது கொன்றவன் இவன். அக்கொலையை நினைந்து யூதர்கள் இன்றும் ஆண்டுதோறும் ஒரு நாள் நோன்பிருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் தலைமைக் குருவாயிருந்த ஒருவருக்கும் இப்பெயரே. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரப்பி இஸ்மாயேல் பென் எலிஷா அவர்களின் சட்ட அறிஞர்களுள் தலைசிறந்தவர். வேதவசனங்களிலிருந்து சட்டம் வகுக்கும் 13 விதிகள் அவர் பெயரால் வழங்குகின்றன. காலைத் தொழுகையில் அவற்றை ஓதுகிறார்கள். அவ்விதிகளுள் முதலாவது, எளியதற்கே இந்தச் சட்டமென்றால் வலியதற்குச் சொல்ல வேண்டுமா என்ற வாதமுறை. உஸூலுல் ஃபிக்ஹில் கியாஸ் பாடம் படித்தவர்கள் இதைக் கண்டு புன்னகைப்பார்கள்.

பிற்காலத்தில் யூதரிடையே இப்பெயர் அருகிவிட்டது. இடைக்கால எபிரேய நூல்களில் 'இஸ்மாயேலர்' என்றாலே முஸ்லிம்களைக் குறிப்பதாயிற்று. ஒரு பெயர் ஒரு சமூகத்தின் அடையாளமாக மாறியபோது மற்றச் சமூகம் அதைக் கைவிட்டது. இன்று நம் வீட்டில் ஓர் இளைஞர் அதே பெயரை, அது அவர்களுடையது என்று சொல்லித் தவிர்க்கப் பார்க்கிறார். அவர்கள் நம்முடையது என்று விட்டார்கள். நாம் அவர்களுடையது என்று விடுவோமாயின், பாலையில் விடப்பட்ட அந்தப் பிள்ளையை மறுமுறையும் விட்டதாகாதா?

மேற்கத்திய இலக்கியங்களில் இப்பெயருக்கு ஒதுக்கப்பட்டவன், நாடோடி என்ற நிழல் படிந்துவிட்டது. 1851இல் வெளிவந்த 'மோபி டிக்' புதினத்தில் கதைசொல்லிக்கு இப்பெயர் சூட்டப்பட்டதும் அந்நிழலில்தான். நம் நினைவில் இஸ்மாயீல் (அலை) ஒதுக்கப்பட்டவர் அல்லர். தந்தையோடு கல் சுமந்து இறையில்லத்தை எழுப்பியவர். ஸூரா மர்யம் கூறுவதுபோல் வாக்குறுதியில் உண்மையாளர். தம் குடும்பத்தாரைத் தொழுகைக்கும் ஸகாத்துக்கும் ஏவியவர். அம்பெய்து பயின்றுகொண்டிருந்த அஸ்லம் குலத்தாரைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இஸ்மாயீலின் மக்களே எய்யுங்கள், உங்கள் தந்தை வில்லாளராக இருந்தார் என்று ஊக்கியதும் புகாரீயில் உண்டு. ஆதியாகமமும் அவரை வில்லாளர் என்றே சொல்கிறது.

ஸூரத்துஸ் ஸாஃப்பாத்தில் அறுக்கப்படவிருந்த மகனின் பெயர் குறிப்பிடப்படவில்லை. ஹிஜ்ரி 310இல் மறைந்த இமாம் தபரீ (ரஹ்) அவரை இஸ்ஹாக் என்று கருதினார்கள். ஹிஜ்ரி 774இல் மறைந்த இமாம் இப்னு கஸீர் (ரஹ்) இஸ்மாயீலே என்று வலுவாக நிறுவினார்கள். இந்த இமாமின் இயற்பெயரும் இஸ்மாயீல்தான் என்பதை ஒரு சுவைக்காகச் சொல்கிறோம். அவர்களின் வாதம் பெயரில் அன்று, 112ஆம் வசனத்தில் இஸ்ஹாக் பற்றிய நற்செய்தி இந்நிகழ்ச்சிக்குப் பின்னர் வருவதில் நிற்கிறது. பெரும்பான்மையோரும் நாமும் கொண்டிருப்பது அக்கருத்தே. இவ்விடத்தில் தமிழ் நமக்கு ஓர் உதவி செய்கிறது. தமிழில் 'கேள்' என்ற வினைக்குச் செவியுறுதல், வினவுதல், வேண்டுதல், சொற்படி நடத்தல் எனப் பல பொருள். 'சொல் கேட்கிற பிள்ளை' என்று நாம் பாராட்டுவது செவித்திறனையா? தந்தை கேட்டார், இறைவன் கேட்டான், பின் அந்தப் பிள்ளையையே அவன் கேட்டான், பிள்ளையும் மறுக்காமல் கேட்டுக்கொண்டது. அரபியில் இத்தனையையும் ஒரே வினையால் சொல்ல இயலாது.

பெயர் தமிழுக்கு வந்த வழியும் இரண்டு. நம் அண்டைவீட்டுக் கிறித்தவர்களின் தமிழ் வேதாகமத்தில் இது 'இஸ்மவேல்' என்று அச்சிடப்பட்டிருக்கும். சிறுவயதில் அந்த வடிவைக் கண்டு, இதில் வேல் எங்கிருந்து வந்தது என்று நாம் மயங்கியதுண்டு. அது ஆயுதம் அன்று. அகரமும் ஏகாரமும் அடுத்தடுத்து வந்தால் இடையில் வகர உடம்படுமெய் தோன்றும் என்பது நம் இலக்கணம். 'இஸ்ம' என்பதோடு 'ஏல்' சேர, 'இஸ்மவேல்' ஆயிற்று; இஸ்ரவேலும் அப்படியே. நாம் அரபி ஒலியைக் காதால் வாங்கி 'இஸ்மாயீல்' என்றோம். தொண்டையடியில் பிறக்கும் 'ஐன்' எழுத்துக்குத் தமிழில் இடமில்லாததால் அங்கே யகரம் வந்து அமர்ந்தது. இரண்டு வடிவிலும் நடுவே ஒரு மெய் புகுந்திருப்பது, அங்கே ஒலிக்க முடியாமல் போன ஓர் எழுத்துக்கு நம் மொழி விட்ட இடம்தான்.

இந்தப் பெயர் தமிழ் மண்ணில் அந்நியமாக இருந்ததில்லை. கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் ஸாஹிப் (1896–1972) அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காகக் குரல் கொடுத்தவர். நாகூரில் பிறந்து சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு.மு. இஸ்மாயீல் கம்பனில் தோய்ந்து, சென்னைக் கம்பன் கழகத்தைத் தலைமையேற்று நடத்தியவர். அவர்கள் பெயரை எபிரேயம் என்றோ அரபி என்றோ பிரித்துப் பார்த்தவர் தமிழரில் எவரும் இல்லை.

இளந்தந்தையின் தயக்கத்துக்கு நபி (ஸல்) அவர்களின் செயலே விடை. மதீனாவில் யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி) அவர்களின் குழந்தையை மடியில் அமர்த்தி, தலையைத் தடவி, 'யூஸுஃப்' என்று பெயரிட்டவர்கள் அண்ணலார்தாம். தம் மகன் பிறந்த மறுநாள், என் தந்தை இப்ராஹீமின் பெயரை இட்டேன் என்று தோழர்களிடம் அறிவித்ததை முஸ்லிமில் காண்கிறோம். இரண்டுமே நபிமார் பெயர்கள். ஜவாலீகீயின் பட்டியல்படி இரண்டும் அரபி அல்லாதவை.

இவற்றுள் சிலவற்றைப் பின்னொரு நாள் அவ்வீட்டாரிடம் சொன்னோம். அகீகா முடிந்து குழந்தையின் காதில் பெயர் சொல்லப்பட்டது. மூத்தவர் விரும்பிய பெயர்தான். பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதும்போது மட்டும் மீண்டும் விவாதம் எழுந்தது. 'இஸ்மாயில்' என்று குறிலில் எழுதுவதா, 'இஸ்மாயீல்' என்று நெடிலில் எழுதுவதா என்று நம்மைக் கேட்டார்கள். அரபியில் நெடில் என்றோம். பாட்டனாரின் குடும்ப அட்டையில் குறிலாக இருக்கிறதாம். குறிலே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.